பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் ஏறியதும் ஏன் கலந்துவிடுகிறது?

வாசகி ஒருவர் கேட்டது இது: "பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை என்று மூன்று வருடமாகப் பிரித்துக் கொடுக்கிறேன். தெருமுனையில் பெரிய வண்டி வந்ததும் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி அழுத்திக்கொண்டு போகிறார்கள். இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா? வடசென்னைக் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை வந்துவிட்டால் பிரிக்கவே தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? நான் பிரிப்பதை நிறுத்திவிடலாமா?"

சட்டத்துக்குக் குறைவே இல்லை அம்மா. அல்மித்ரா படேல் என்பவர் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில் ஆரம்பித்தது இது. நீதிமன்றம் அமைத்த குழு ஊர் ஊராக விசாரித்து அறிக்கை கொடுத்தது. அதை வைத்து 2000-இல் முதல் விதிகள் வந்தன. "வீட்டிலேயே பிரி, மக்குவதை உரமாக்கு, மிச்சத்தை மட்டும் புதை" என்று அப்போதே எழுதிவிட்டார்கள். 2016 ஏப்ரலில் திடக்கழிவு மேலாண்மை விதிகள் என்ற பெயரில் அது விரிவானது. மக்குபவை, மக்காதவை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்க வேண்டும், குப்பை பொறுக்கி வாழ்பவர்களை உள்ளாட்சி தன் அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும், பயனாளர் கட்டணம் வாங்கலாம், மீறினால் அபராதம் விதிக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இப்போது 2026-க்கான புதிய விதிகள் வந்து, ஏப்ரல் 1 முதல் பழையதின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதில் நான்கு பிரிவு: ஈரமானது, உலர்ந்தது, நாப்கின் டயாப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, மருந்து பல்பு போன்று தனிக்கவனம் தேவைப்படுவது. ஆக, 25 வருடமாக எல்லா விதியும் உங்களைப் பார்த்து "பிரி" என்றுதான் சொல்கிறது. பிரித்ததை வாங்கிப் போகிறவருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை விதி தீர்மானிப்பதில்லை. அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்கள் வாளி தெருமுனையில் கலந்துபோவதற்குக் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

குப்பை வண்டி கிடங்குக்குள் நுழையும் முன் எடை மேடையில் ஏறும். ஒரு டன்னுக்கு இவ்வளவு ரூபாய் என்று சீட்டு விழும். பல நகரங்களில், பல வருடம், ஒப்பந்ததாரருக்குக் கிடைத்த வருமானம் அந்தச் சீட்டுதான். அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் பச்சை வாளிக் குப்பை தெருவிலேயே உரமானால் அவருக்கு எடை குறைகிறது. நீல வாளியிலிருந்து அட்டையும் பாட்டிலும் பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் எடை குறைகிறது. காயவைத்தால் குறைகிறது, மழையில் நனைந்தால் கூடுகிறது. கட்டட இடிபாட்டையும் சாலையோர மண்ணையும் அள்ளிப் போட்டு எடை ஏற்றுவது ஊரறிந்த ரகசியம். இந்தக் கணக்குக்குள் இருந்துகொண்டு ஒருவர் குப்பையைக் குறைக்க முனைந்தால் அவருக்குப் பைத்தியம் என்றுதான் பெயர் கிடைக்கும்.

சென்னையிலேயே இந்த வரலாறு நீளமானது. 2000-இல் குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. சீருடையும் பெரிய வண்டியும் அப்போது எல்லோருக்கும் புதுமை. பிறகு 2007-இல் நீல் மெட்டல், அடுத்து ராம்கி என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. வண்டியின் நிறம் மாறியது, சேருமிடம் மாறவில்லை: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. 2020-இல் சில மண்டலங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில்தான் எடைக்குப் பணம் என்பதை விட்டுவிட்டு, தெரு சுத்தமாக இருக்கிறதா, வீடு வீடாக வாங்கப்படுகிறதா, பிரித்து வாங்கப்படுகிறதா என்ற அளவுகோல்களை வைத்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அளவுகோலை அளப்பது யார், தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. வார்டு மேற்பார்வையாளர் செல்போனில் எடுக்கும் ஒரு படத்தில் "பிரித்து வாங்கப்பட்டது" என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? வாசலில் இரண்டு வாளியைப் படம் பிடித்துவிட்டால் கணக்கு முடிந்தது. அதன்பின், சின்ன வண்டிக் குப்பையைப் பெரிய வண்டிக்கு மாற்றும் பரிமாற்ற நிலையத்தில் நடப்பதைப் படம் பிடிக்க யாரும் போவதில்லை.

உங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டிக்காரம்மாவை இதில் குற்றம் சொல்லாதீர்கள். அவர் பிரித்துத்தான் கொண்டுபோகிறார். வண்டியில் இரண்டு நிறப் பெட்டிகளும் பெரும்பாலும் இருக்கின்றன. குப்பையை அழுத்தி ஏற்றும் பெரிய காம்பாக்டர் வண்டிக்கு வயிறு ஒன்றுதான். அடுத்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், அதற்குள் அவர் முடிக்க வேண்டிய வீடுகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். ஒரு சிறிய நகராட்சியில் இந்த வேலையைச் சில காலம் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் பிரித்து வாங்கச் சொல்லிப் பரப்புரையாளர்கள் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தார்கள். மதியம் ஒரே டிப்பரில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினோம். உலர் குப்பைக்குத் தனி லோடு போட டீசல் ஒதுக்கீடு இல்லை என்பதே காரணம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இவ்வளவுதான் விஷயம்.

குப்பையிலிருந்து வளத்தை மீட்பது ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று என்று கொள்கை ஆவணங்கள் பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காயலான் கடை, பழைய பேப்பர் கடை, தள்ளுவண்டிக்காரர், விடியற்காலையில் கோணிப்பையோடு நடப்பவர் என்று ஒரு முழுச் சங்கிலி, அரசிடம் ஒரு ரூபாய் வாங்காமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. செய்தித்தாள், அட்டை, இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், கழுவிக் காயவைத்த பால் கவர் இவையெல்லாம் உங்கள் வீட்டிலிருந்தே பெரும்பாலும் போய்விடும், அல்லது தொட்டியிலிருந்து பொறுக்கப்பட்டுவிடும். ஏனென்றால் அவற்றுக்கு விலை இருக்கிறது. கிடங்குவரை போய்ச் சேருவது, விலை இல்லாததும் விலை இருந்தும் சாம்பார் ஊறி விலை போனதும்தான். நனைந்த அட்டையை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். கலப்பதால் வரும் முதல் நஷ்டம் அதுதான்.

விலையே இல்லாதது எது? சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும். வெளியே ஒரு பிளாஸ்டிக், நடுவே அலுமினியப் பூச்சு, உள்ளே வேறொரு பிளாஸ்டிக் என்று ஒட்டியிருப்பதைப் பிரிக்க மலிவான வழி இல்லை. ஒரு பாக்கெட் சில கிராம்தான். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் குனிந்து பொறுக்க வேண்டும், பொறுக்கினாலும் வாங்க ஆளில்லை. இதற்குத்தான் 2022 பிப்ரவரியில் உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளை மத்திய அரசு கொண்டுவந்தது. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கிற நிறுவனம், அதே அளவு பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். தானே செய்யலாம், அல்லது மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழை விலைக்கு வாங்கலாம். யோசனை நல்லது. ஆனால் காகிதம் விற்பனைக்கு வந்ததும் என்ன நடக்குமோ அது நடந்தது. சில ஆலைகள் தங்கள் திறனுக்கு மேல் ஆறு லட்சத்துக்கும் அதிகமான போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தணிக்கையில் கண்டுபிடித்தது. சிப்ஸ் பாக்கெட் சாக்கடையிலேயே கிடந்தது. கணக்கில் மட்டும் மறுசுழற்சி ஆகிவிட்டது.

சரி, எங்கேயாவது உருப்படியாக நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் கொஞ்சம் சங்கடமான இடத்திலிருந்து வருவது: டாஸ்மாக். நீலகிரிக் காட்டில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பேச்சு எழுந்தது. நீதிமன்றத்தின் வற்புறுத்தலில் 2022 மே மாதம் நீலகிரி மாவட்டக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. விழிப்புணர்வுப் பேரணி இல்லை, உறுதிமொழி இல்லை. விற்ற பாட்டிலில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தன. குடித்தவர் வீசி எறிந்தாலும் வேறு ஒருவர் எடுத்து வந்து பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். காட்டுக்குள் கிடந்த கண்ணாடிக்கு ஒரே இரவில் விலை வந்துவிட்டது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இது விரிந்தது. கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். காலிப் பாட்டிலை அடுக்க இடம் ஏது, எண்ணிக் கணக்கு வைக்க ஆள் ஏது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இதிலும் பாருங்கள், திட்டம் வகுத்தவர் பாட்டிலுக்கு விலை வைத்தார். பாட்டிலை எடுத்து அடுக்குகிறவரின் உழைப்புக்கு விலை வைக்க மறந்தார். கோலி சோடாக் கடையில் காலிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் கடைக்காரருக்கு இந்தப் பொருளாதாரம் எப்போதோ தெரியும்.

ஈரக் குப்பைக்கு இந்த வழி உதவாது. அதைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க முடியாது. நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி அதுதான். இதற்குக் கேரளத்தின் ஆலப்புழை நல்ல பாடம். சர்வோதயபுரம் கிடங்கைச் சுற்றியிருந்த மக்கள் இனி எங்கள் ஊரில் கொட்ட விடமாட்டோம் என்று வழியை மறித்தார்கள். வேறு நிலம் கிடைக்காத நகராட்சி, 2012 வாக்கில் வேறு வழியில்லாமல் ஈரக் குப்பையை வாங்குவதையே நிறுத்திக்கொண்டது. வீடுகளுக்கு மானிய விலையில், குப்பையைப் போட்டு மக்கவைக்கும் உரக் குழாயும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் கொடுத்தார்கள். முடியாதவர்களுக்குத் தெருவில் காற்றோட்டமான உரத்தொட்டிகள் வைத்தார்கள். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகுக்கு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. பிறகு மாநிலம் முழுக்க ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் குழு வீடுதோறும் வந்து உலர் குப்பையை மட்டும் மாதக் கட்டணத்துக்கு வாங்கிச் செல்லும் ஏற்பாடு பரவியது. அதே கேரளத்தில்தான் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் எரிந்து நகரையே புகையில் மூழ்கடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொச்சிக்குக் கொட்ட இடம் இருந்தது; ஆலப்புழைக்கு இல்லை. எனக்குப் பட்டவரை வித்தியாசம் பெரும்பாலும் அதுதான்.

தமிழ்நாட்டிலும் நுண் உரக் கூடங்கள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டன. நறுக்கும் இயந்திரம், வரிசையாகத் தொட்டிகள், ஒன்றரை இரண்டு மாதத்தில் உரம். பிரித்த குப்பை வந்தால் அருமையாக ஓடும். கலந்த குப்பை வந்தால் நறுக்கும் கத்தியில் துணியும் பாலித்தீனும் சுற்றிக்கொண்டு முதல் வாரத்திலேயே நின்றுவிடும். கையால் பொறுக்கிப் போட்டு ஒப்பேற்றினாலும் உரத்தில் கண்ணாடிச் சில் இருக்கும், பேட்டரியிலிருந்து வந்த ஈயம் இருக்கும். எந்த விவசாயி அதை வயலில் போடுவார்? நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை என்று 2016-இல் மத்திய அரசு அறிவித்தது. உரம் சுத்தமாக இருந்திருந்தால் அந்த உதவி இல்லாமலேயே விற்றிருக்கும் என்பது என் கணிப்பு.

இப்போது எரிஉலைக்கு வருவோம். இதில் கொள்கையை விட இயற்பியல் முக்கியம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். பாதி எடை தண்ணீராக இருக்கும் குப்பையை உலையில் போட்டால், ஒவ்வொரு கிலோவுக்கும் முந்நூறு கிலோ கலோரி அதை உலர்த்தவே செலவாகிறது. நடுவே மண்ணும் கல்லும் வேறு. டெல்லி திமர்பூரில் 1987-இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பதாக ஓர் ஆலை கட்டினார்கள். ஆலைக்குத் தேவைப்பட்டது கிலோவுக்கு 1,460 கிலோ கலோரி. வந்த குப்பையில் இருந்தது 600, 700தான். 21 நாள் சோதனை ஓட்டத்தோடு மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது, டெல்லியிலேயே இப்போது ஆலைகள் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் ஓடுவதற்கு எரியக்கூடிய குப்பை தேவை. எரியக்கூடியது எது? அட்டை, பிளாஸ்டிக், துணி. மறுசுழற்சிக்குப் போக வேண்டியவையும் அவைதான்! இருபது இருபத்தைந்து வருட ஒப்பந்தத்தில் தினமும் இத்தனை டன் தருகிறேன் என்று மாநகராட்சி கையெழுத்திட்டுவிட்டால், குப்பையைக் குறைப்பது அதன் பிறகு ஒப்பந்த மீறலாகிவிடும். எடை மேடைக் கணக்கு வேறு உடையில் திரும்பி வருகிறது. ஆகவே "எரிஉலை வந்தால் பிரிக்கத் தேவையில்லை" என்பது தலைகீழ். பிரிக்காவிட்டால் எரிஉலையே ஒழுங்காக எரியாது. ஈரக் குப்பையால் உலையின் சூடு இறங்கும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாக வாய்ப்பு கூடுகிறது. அப்புறம் அந்தச் சாம்பலைப் புதைக்க ஓர் இடம் வேண்டும். 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து இந்த எரிஉலையை எதிர்த்ததை வெறும் வளர்ச்சி எதிர்ப்பு என்று தள்ளிவிட முடியாது. அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் பகுதி அது.

பழைய குப்பை மலைகளைக் கரைக்கும் பயோமைனிங் பற்றியும் ஒரு வார்த்தை. பெருங்குடியில் ஏறக்குறைய 225 ஏக்கர், பக்கத்திலேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கொடுங்கையூரில் சுமார் 340 ஏக்கர், 60 லட்சம் டன்னுக்கு மேல் குப்பை இருந்தது. மலையை வெட்டி, காற்றுப்பட அடுக்கி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து உலரவிட்டு, சுழலும் சல்லடையில் போட்டால் மண், கல், எரியக்கூடிய கழிவு என்று பிரிந்துவிடும். கிடங்கு நிலம் மீள்கிறது, இது பெரிய லாபம்தான். ஆனால் அந்த எரியக்கூடிய கழிவு, அதிகாரிகள் பேச்சில் ஆர்டிஎஃப், எங்கே போகிறது? சிமெண்ட் ஆலைக்கு. சென்னையிலிருந்து அரியலூர் 250 கிலோமீட்டருக்கு மேல். இருபது வருடம் மண்ணில் கிடந்த பிளாஸ்டிக்கில் சாம்பலும் குளோரினும் அதிகம். சூளையின் குழாய்களில் அது படிந்து அடைக்கும் என்பதால் ஆலைகள் முகம் சுளிக்கின்றன. லாரி வாடகையை உள்ளாட்சியே கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. புதிய விதிகள் சிமெண்ட் ஆலைகளின் எரிபொருளில் இதன் பங்கை ஐந்து சதவீதத்திலிருந்து ஆறு வருடத்தில் பதினைந்தாக உயர்த்தச் சொல்கின்றன. அது நடந்தால் தேவை உண்டாகும். ஒரு பக்கம் கோடிகளில் செலவழித்துப் பழைய மலையைக் கரைத்துக்கொண்டே, மறுபக்கம் தினமும் ஐயாயிரம் டன் அளவுக்குப் புதிதாகக் குப்பையைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நகரம் இது.

புதிய விதிகளில் எனக்கு நம்பிக்கை தரும் வரி ஒன்று உண்டு. பிரிக்காத குப்பையைக் கிடங்குக்கு அனுப்பும் உள்ளாட்சி கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்பது. உள்ளாட்சி கலப்பதற்கே ஒரு விலை வைத்திருக்கிறார்கள். அதை யார் வசூலிப்பார்கள், மாநகராட்சி தன் கிடங்குக்குத் தானே கட்டணம் கட்டிக்கொள்ளுமா என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். சென்னையில் வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய்வரை பயனாளர் கட்டணம் என்று 2021 ஜனவரியில் கொண்டுவந்ததை, எதிர்ப்பு கிளம்பியதும் உடனே நிறுத்திவைத்தார்கள். தேர்தல் வருடத்தில் குப்பைக்கு விலை வைப்பது எளிதல்ல.

நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் இன்னொரு விஷயம். நாளொன்றுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் குப்பை போடும் எந்த வளாகமும் பெருங்கழிவு உற்பத்தியாளர். தன் ஈரக் குப்பையை முடிந்தவரை தன் வளாகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். அறுபது வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு அரை கிலோ என்றால் 120 கிலோ. சங்கக் கூட்டத்தில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள். தனி வீடு என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மண்டலத்தின் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். முழுவதையும் படிக்க வேண்டாம். பணம் எந்த அளவைக்குக் கொடுக்கப்படுகிறது, கலந்து ஏற்றினால் பிடித்தம் எவ்வளவு என்ற இரண்டு பிரிவு போதும். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் அதைப் படித்துக் காட்டிக் கேட்டால், "குப்பை சரியாக அள்ளுவதில்லை" என்ற வழக்கமான புகாருக்குக் கிடைக்கும் பதில் கிடைக்காது.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். பிரிப்பதை நிறுத்த வேண்டாம், பிரித்ததை அந்த வண்டியிடம் கொடுப்பதை நிறுத்திப் பாருங்கள். மொட்டை மாடியில் அடியில் ஓட்டை போட்ட இரண்டு பழைய டிரம்மும் ஒரு மூட்டை தென்னைநார்த் தூளும் இருந்தால் காய்கறிக் கழிவு வெளியே போக வேண்டியதில்லை. ஒன்று நிறையும்போது மற்றொன்று மக்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் புளித்த மோரும் மேலே ஒரு பிடி தூளும் போட்டால் நாற்றம் வராது. பால் கவரையும் அட்டையையும் பாட்டிலையும் மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் தரும் சில்லறையை விட, அவருக்குச் சுத்தமான சரக்கு கிடைப்பது பெரிது. நாப்கினையும் டயாப்பரையும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கையில் கொடுங்கள், வாங்குகிறவர் தெரியாமல் கைவைக்காமல் இருக்க. மிச்சம் வண்டிக்குப் போவது சிப்ஸ் பாக்கெட், கிழிந்த செருப்பு, வீடு பெருக்கிய தூசி என்று வாரத்துக்கு ஒரு சின்னப் பை. அதைத் தெருமுனையில் எதோடு சேர்த்து அழுத்தினாலும் கெட்டுப்போக அதில் ஒன்றும் இருக்காது.